தலைமாடு, கால்மாடு

அந்த நாற்காலி வேணாம் சார், இதுல உக்காருங்க. அதுக்கு ஒண்ணும் இல்ல, காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல உக்காந்தா உங்க ஒரு கால் கிழக்குல இருக்கும், ஒரு கால் மேற்குல இருக்கும். பாருங்க, மஞ்சக் கோடு அடியில ஓடுதில்ல? போன தடவை வந்த ஆபீசர்ல ஒருத்தர் தெரியாம அதுல உக்காந்துட்டு, பேனாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு காலையும் தூக்கி ஒரே பக்கமா வச்சுக்கிட்டார். நீங்க எந்தப் பக்கத்து ஆபீசு? ரெண்டுக்கும் சேர்த்து நீங்க ஒருத்தரேவா? எப்போ மாத்தினாங்க? நல்லதாப் போச்சு. முன்னெல்லாம் ரெண்டு பேர் வருவாங்க. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க மாட்டாங்க. ஒரே வீட்டுக்கு ரெண்டு மாமியார் வந்த மாதிரி இருக்கும்.

உள் ரூமா? பார்க்கலாம் சார், பார்க்கத்தானே வந்திருக்கீங்க. அது எங்க ஓடிடப் போகுது. எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் கண்ணை மூடினார். கொஞ்சம் அசந்து தூங்கட்டும், அப்புறம் போகலாம். குறட்டை விடுவார். வந்துச்சுன்னா எனக்குச் சொல்லுங்க. எனக்கு ஒரு காது மந்தம். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்துல முப்பத்தோரு வருஷமா வேலை. அங்க மெஷின் சுத்துற சத்தத்துல, இடி விழுந்தாக்கூட ரெண்டாவது இடிதான் நமக்குக் கேக்கும்.

இருங்க, டீ போடுறேன். வேணாம்னு சொல்லாதீங்க. எங்க வீட்டு டீ மாதிரி உங்களுக்கு எங்கயும் கிடைக்காது. குழாய் கிழக்குல இருக்கு, அடுப்பு மேற்குல இருக்கு. தண்ணி ஒரு சர்க்காரு, நெருப்பு ஒரு சர்க்காரு. டீ மட்டுந்தான் எங்களுது. இங்கருந்தே பேசுறேன், கேக்குதில்ல?

என்ன வாசனை? சுண்ணாம்பா? ஆமா சார், முந்தாநாள் ஒரு சுவத்துக்கு அடிச்சேன். அழுக்கா இருந்துச்சு. ஒரே ஒரு சுவருக்குத்தான். மிச்சத்துக்குச் சுண்ணாம்பு பத்தலை. சக்கரை எவ்வளவு போடட்டும்?

இந்தாங்க. சூடா இருக்கு, மெதுவா.

உங்க ஃபாரத்துல எங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு கட்டம்தானே சார். தலை எந்தப் பக்கம்? கி, இல்லன்னா மே. கையெழுத்து நல்லா இல்லாதவங்ககூட ஒரு எழுத்து எழுதிடலாம். ஆனா அந்த ஒரு எழுத்துலதான் எங்க பொழப்பு தொங்குது. எனக்கு நீங்க கி-ன்னு போட்டா, திங்கக்கிழமை நான் இந்த முன் வாசல் வழியா இறங்கி கிழக்கு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போவேன். மே-ன்னு போட்டா, ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறவரு அட்டையைப் பார்த்துட்டு, போயிட்டு வாங்கம்மான்னு மரியாதையாச் சொல்லிடுவாரு. முப்பத்தோரு வருஷம் அதோட முடிஞ்சுது. அவருக்கு அப்படியே தலைகீழு. மே-ன்னு இருந்தாத்தான் அவருக்கு மேற்கு ஆஸ்பத்திரில மாத்திரை, கை கால் பிடிச்சு விடுற ஆளு, எல்லாம். கி ஆனார்னா ஒண்ணும் கிடையாது. முப்பத்தோரு வருஷமா நான் கி, அவர் மே. ஆடு கத்துற எழுத்தை நம்ம தலையில கட்டிட்டாங்க பாருன்னு சிரிப்பார். மே, மேன்னு எனக்குக் கேக்குற மாதிரி கத்துவார்.

கேட்டுச்சா ஏதாவது? இல்லையா. சரி.

கோடு எப்படி வந்துச்சுன்னு கேக்குறீங்களா? உங்களுக்குச் சின்ன வயசு, தெரிஞ்சிருக்காது. எங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம். ஒரு நாள் காலைல ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் கையில படம், ஒருத்தர் கையில மஞ்சப் பெயிண்டு டப்பா. அம்மா, கொஞ்சம் பாத்திரத்தை நகர்த்துங்கன்னாங்க. எறும்புக்கு மருந்து அடிக்க வந்திருக்காங்கன்னு நான் எல்லாத்தையும் நகர்த்தினேன். ஜன்னல் வழியா கோடு உள்ள வந்துச்சு, கூடத்துல நேரா ஓடிச்சு, உள் ரூமுக்குள்ள போச்சு, அடுப்பங்கரை வழியா வெளிய போயிடுச்சு. நான் துடைக்கிற துணியை எடுத்துக்கிட்டு பின்னாடியே போறேன். துடைக்காதீங்கம்மா, இது எல்லைன்னாரு. எங்கயோ ஒரு மேஜையில ரெண்டு பெரிய மனுஷங்க ஸ்கேலை வச்சு ஒரு கோடு போட்டிருக்காங்க. அந்த ஸ்கேலுக்கு அடியில எங்க வீடு இருந்தது அவங்களுக்கு என்ன தெரியும்? படத்துல வீடெல்லாம் அரிசி அளவுகூட இருக்காதாமே.

ஒரு வேடிக்கை சொல்றேன். கட்டிலுக்கு அடியில மட்டும் கோடு கிடையாது. உள் ரூம் ரொம்பக் குறுகல் சார். கட்டிலைப் போட்டா இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்கும் சரியா இருக்கும், ஒரு விரல் நுழையாது. நகர்த்த முடியல. பெயிண்டுக்காரரு குனிஞ்சு பார்த்துட்டு, இங்க யாரு பார்க்கப் போறாங்கன்னு இந்த ஓரத்துல நிறுத்தி, அந்த ஓரத்துல தொடங்கிட்டாரு.

அதுக்கப்புறம்தான் தலைப் பிரச்சனை. கோடு மேல இருக்கிற வீட்டுக்காரங்க எந்தப் பக்கத்து ஆளுங்க? வாசலை வச்சுச் சொல்லலாம்னா எங்களுக்கு முன் வாசல் கிழக்குத் தெருவுல, பின் வாசல் மேற்குச் சந்துல. ஒரு வருஷம் மாநாடு போட்டுப் பேசி, ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க. மனுஷன் தூங்குறப்ப தலை எந்தப் பக்கமோ, அவன் அந்தப் பக்கத்து ஆளு. மூலைவீட்டு ரொட்டிக்கடைக்காரரு சண்டைக்குப் போனாரு. என் உடம்புல பெருசு வயிறுதானே, அதை வச்சுப் போடுங்கன்னு. அவருக்கு வயிறு எப்படிப் படுத்தாலும் ரெண்டு பக்கமும் இருக்கும், ரெண்டு பக்கமும் சலுகை வாங்கலாம்னு கணக்கு. இல்லைங்க, புத்தி தலையிலதானே இருக்குன்னாங்க. எங்க வீட்டுக்காரர் உடனே, அப்படின்னா எங்க தெருவுல பாதிப் பேரு எந்தப் பக்கமும் இல்லன்னு எழுதிக்கோங்கன்னாரு.

அவர் கரண்ட் ஆபீசுல லைன்மேன் சார், மேற்குல. லைன் போட்டவன் வேற, லைன்மேன் வேற, என்னைத் திட்டாதேம்பார். எனக்கு அப்போதான் கிழக்குல வேலை கிடைச்சிருந்துச்சு. ரெண்டு பேருக்கும் வேலையை விட மனசில்ல. அவருதான் வழி சொன்னாரு. கட்டில் ஒண்ணுதான், ஆனா அதுக்குத் தலைமாடு ரெண்டு வச்சுக்கலாமே. உன் தலை கிழக்கால, என் தலை மேற்கால. ஒருத்தர் தலைமாடு இன்னொருத்தருக்குக் கால்மாடு. அன்னைக்கு ராத்திரி தலகாணியை மாத்தினதுதான்.

சிரிக்காதீங்க. புதுசுல ரொம்பக் கஷ்டம். பேசணும்னா எழுந்து உக்காரணும். கண்ணைத் திறந்தா அவர் பாதம்தான் தெரியும். மனுஷன் கம்பத்துல ஏறி ஏறி அந்தப் பாதம் பலகை மாதிரி இருக்கும். கோவம் வந்தா கால் விரலால என் தோள்ல ஒரு நிமிண்டு, சமாதானம்னா ரெண்டு நிமிண்டு. அப்புறம் அவர் எனக்கு ஒரு பேரு வச்சாரு. எதிர்வீடு. விளக்கை அணைச்சதும் அந்தக் கோடியிலருந்து குரல் வரும். என்ன எதிர்வீடு, தூங்கியாச்சா? எதிர்வீட்டுல இன்னைக்கு என்ன கோவம்? எதிர்வீட்டுப் போர்வை நம்ம எல்லைக்குள்ள வந்துடுச்சே, புகார் கொடுக்கவா? கடைத்தெருவுலகூட மறந்து போய் எதிர்வீடுன்னு கூப்பிட்டுடுவார். நாலு பேர் திரும்பிப் பார்த்துட்டு, யாரு, எந்த எதிர்வீடுன்னு தேடுவாங்க. எனக்கு மானம் போகும்.

பொண்ணு ஒருத்தி இருக்கா. அவ குழந்தையா இருக்கிறப்ப நடுவுல குறுக்கே படுப்பா, படுத்து உருண்டுக்கிட்டே இருப்பா. ஆபீசர் மூணு நாள் வந்து பார்த்தாரு. பார்க்கிறப்பவே கி-யிலருந்து மே-க்குப் போயிடுவா. கடைசில முடிவாகவில்லைன்னு எழுதிட்டுப் போனாரு. ரொம்ப நாள் அவ அட்டையில அதான் இருந்துச்சு. இப்போ கோடே இல்லாத ஊர்ல, பெரிய கட்டில்ல தூங்குறா.

டீ ஆறிடுச்சா? சூடு பண்ணித் தரேன். இல்லையா? சரி உக்காருங்க, ஏன் எழுந்துக்கிறீங்க. நான்தான் நின்னுக்கிட்டே இருக்கேன், எனக்கு உக்காந்தா ஓடாது. ஒரு நிமிஷம், கதவுகிட்ட போய்ப் பார்த்துட்டு வந்துடுறேன்.

இல்ல. இன்னும் அசரலை.

ஆமா, கறையைப் பார்க்கணும், தெரியும். உங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்காங்களா? கண்டுபிடிச்சது போன தடவை வந்தாரே, அந்த மொட்டைத்தலை ஆபீசரு. கெட்டிக்காரரு. இந்தத் தெருவே அவரை ஏமாத்தப் பார்த்துச்சு. கணக்கெடுக்க வர்ற அன்னைக்குக் காலைல வீட்டுக்கு வீடு தலகாணி இடம் மாறும். அவர் தலகாணியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரு. நேரா சுவத்துகிட்ட போவாரு. தலைக்கு எண்ணெய் வச்சுப் படுக்கிற சனம்தானே சார் நாம. வருஷக்கணக்கா ஒரே இடத்துல தலை சாய்ஞ்சா சுவத்துல கறை படியும். அதுல உள்ளங்கையை வச்சுப் பார்ப்பாரு. வாய் பொய் சொல்லும், தலகாணி பொய் சொல்லும், கறை சொல்லாதும்மான்னாரு. அவருக்கு மட்டும் எந்தச் சுவத்துலயும் கறை படியாது, பாவம். எங்க ரூமைப் பார்த்துட்டு அவருக்கு ரொம்ப சந்தோஷம். கிழக்குச் சுவத்துல ஒரு தலை, மேற்குச் சுவத்துல ஒரு தலை. இந்தத் தெருவுலயே சட்டப்படி தூங்குறது நீங்க ரெண்டு பேருதாம்மான்னு சொல்லி, ரெண்டு டீ குடிச்சுட்டுப் போனாரு.

அப்போ எங்க வீட்டுக்காரர் நல்லா இருந்தாரு சார். எழுந்து வந்து கதவு வரைக்கும் வழி அனுப்பினாரு.

நாலு மாசம் ஆச்சு. சாப்பிட உக்காந்தவரு கையில இருந்த டம்ளரைக் கீழ விட்டாரு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. பக்கவாதம். பேரைப் பாருங்க, அதுலயும் பக்கம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டரம்மா ஓடி வந்து, எந்தப் பக்கம்னு கேக்குறாங்க. நான் மேற்குங்கன்னு சொல்றேன். அவங்க மறுபடியும், எந்தப் பக்கம்மான்னு கேக்குறாங்க. மேற்குதாங்க, அட்டை இருக்கு பாருங்கன்னு பையில தேடுறேன். அம்மா, கை கால் விழுந்தது வலது பக்கமா இடது பக்கமான்னு அவங்க என் தோளைப் பிடிச்சுக் கேட்டப்புறம்தான் எனக்கு உறைச்சுது. வலது பக்கம். பேச்சும் போயிடுச்சு.

போயிடுச்சுன்னா, அடியோட இல்ல. விடியற நேரத்துல, முழிப்பு வர்றப்ப, நாக்கு கொஞ்சம் இளகும்போல. ஏதோ சொல்வார். ஒரு சொல், ரெண்டு சொல். நல்லா விடிஞ்சா அதுவும் கட்டிக்கும். எனக்கு அந்தக் கோடியில படுத்திருந்தா எங்க கேக்குது? இந்தக் காதை வச்சுக்கிட்டு. ஒரு நாள் தோள்ல நிமிண்டு விழுந்துச்சு. அந்த இடது கால்தானே வேலை செய்யுது, அதால நிமிண்டுறார். ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, விடாம நிமிண்டுறார். நான் எழுந்து, கட்டில் ஓரமா அவர் தலைமாட்டுக்குப் போறதுக்குள்ள வாயை மூடிட்டாரு. கண்ணோரம் தண்ணி காதுக்குள்ள இறங்குது. என்னங்க சொன்னீங்க, என்னங்கன்னு கேக்குறேன். சொல்ல வரலை. அன்னைக்கு முழுக்க லாண்டிரில துணி மடிக்கிறேன், மடிச்சதையே பிரிச்சுப் பிரிச்சு மடிக்கிறேன். என்ன சொல்லியிருப்பாரு, என்ன சொல்லியிருப்பாருன்னு.

இப்பக் கேட்டுச்சா? குறட்டை மாதிரி? ஓ, தெருவுல வண்டியா.

அவரைத் திருப்பிப் படுக்க வைக்கலாமேன்னு கேப்பீங்க. திருப்பினா அவர் தலை கிழக்கு. மாத்திரை நின்னுடும். அவரைத் திருப்பக் கூடாது. கட்டிலை வேற எங்கயும் போட இடம் கிடையாது. நானும் ஆறு நாள் யோசிச்சேன்.

சுண்ணாம்பு விஷயத்தைச் சொல்லிடுறேன். உள்ள போனா உங்களுக்கே தெரியத்தான் போகுது. நான் வெள்ளையடிச்சது மேற்குச் சுவரு. அவர் தலைமாட்டுச் சுவரு. எதுக்கா? அதுல ஒரு கறை இருக்கணும், ரெண்டு கறை இருந்துச்சு. பெருசு பழசு, அவருது. அதை ஒட்டின மாதிரி சின்னதா ஒண்ணு, புதுசு. நீங்க வர்றீங்கன்னு கடுதாசி வந்ததும் எனக்குப் பயம் பிடிச்சுக்கிச்சு. சுண்ணாம்பு வாங்கிட்டு வந்து மளமளன்னு அடிச்சேன். அடிச்சு முடிச்சு, வாளியைக் கழுவிட்டு வந்து பார்த்தா, சின்னக் கறையோட சேர்ந்து அவரோட முப்பத்தோரு வருஷக் கறையும் போயிடுச்சு. அவர் மேற்குன்னு சொல்ல ஒரு சாட்சி இல்ல. அறிவு கெட்டவ, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். அப்புறம் என்ன பண்றது, கையில எண்ணெயை ஊத்திக்கிட்டு அவர் தலை இருக்கிற இடத்துல தேய்ச்சேன். அது ஈரச் சுண்ணாம்புல பரவிப் பரவி, தேசப்படம் மாதிரி ஆயிடுச்சு. நடுவுல என் அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. அவர் படுத்துக்கிட்டே அண்ணாந்து அதைப் பார்த்துட்டு, ஒரு பக்க வாயால சிரிக்கிறாரு.

அந்தச் சின்னக் கறை யாருதுன்னா கேக்குறீங்க? தம்பி, இந்த வீட்டுல இருக்கிறதே ரெண்டு தலை.

அம்பத்தெட்டு நாளாச்சு. ஒரு ராத்திரி தலகாணியைக் கையில எடுத்துக்கிட்டு, கட்டில் ஓரமாப் போய் அவர் பக்கத்துல போட்டுப் படுத்துட்டேன். என் நல்ல காது அவர் வாய்கிட்ட இருக்கிற மாதிரி. கூச்சமா இருந்துச்சு, யாரோ வீட்டுல படுத்திருக்கிற மாதிரி. விடியற நேரத்துல அவருக்கு முழிப்பு வந்துச்சு. முகம் இவ்வளவு கிட்ட இருக்கா, ரொம்ப நேரம் பார்த்தாரு. முப்பத்தோரு வருஷமா நாங்க காலைல பாதத்தைப் பார்த்து முழிச்சவங்க. வாயைக் கூட்டிக் கூட்டி என்னமோ சொல்ல வந்தாரு. எதிர்வீடுன்னு சொல்லப் போறாருன்னு நான் உம் உம்முங்கிறேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு எழுத்து விடாம, முழுசாச் சொன்னாரு தம்பி. பக்கத்து வீடு.

அதுலருந்து தினமும் விடியறப்ப ஒரு தடவை சொல்வார். வேற ஒண்ணும் வர்றதில்ல. அது ஒண்ணுதான்.

நான் திருட்டுத்தனம் பண்ணாமலா இருந்தேன். இந்த அம்பத்தெட்டு நாளும் ராத்திரி மே-யில தூங்கிட்டு, காலைல கி அட்டையைக் காட்டி வேலைக்குப் போயிருக்கேன். இன்னைக்கும் எல்லா வீடு மாதிரி நானும் தலகாணியை மாத்திடலாம்னுதான் பார்த்தேன். ஒரு மணி நேரம்தானே, ஆபீசர் வந்துட்டுப் போனதும் திருப்பிப் போட்டுக்கலாம். நீங்க கதவைத் தட்டுறப்ப அதைத்தான் எடுத்துக்கிட்டிருந்தேன். அவர் அந்த இடது கையால தலகாணி ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. ஒரு மணி நேரம்தாங்கன்னு சொல்றேன், வேலை போயிடுங்கன்னு சொல்றேன், விட மாட்டேங்கிறாரு. கம்பத்தைப் பிடிச்ச கை தம்பி, என்னால பிரிக்க முடியல. அதான் உங்களை இங்க உக்கார வச்சு வளவளன்னு பேசிக்கிட்டிருக்கேன். அசந்து தூங்கினாருன்னா பிடி தளரும், உருவிடலாம்னு.

குறட்டை கேக்கலைதானே? இல்ல, கேக்காது. நான் இவ்வளவு பேசினதை அவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருப்பாரு. அவருக்குக் காது நல்லா இருக்கு.

வாங்க தம்பி, போகலாம். டம்ளரை அங்கயே வைங்க, நான் கழுவிக்கிறேன். எனக்கு மே-ன்னு போட்டுடுங்க. ரெண்டு பேருக்கும் மே. அவர் கறை போனது என் தப்பு, அதை மட்டும் பார்த்து எழுதுங்க. குனிஞ்சு வாங்க, நிலைப்படி தாழ்வு.

என்னங்க, கையை விடுங்க. நான் எங்கயும் போகல. பக்கத்து வீட்டைப் பார்க்க ஆள் வந்திருக்கு.